ஆறு இடமும் ஒரு பண்ணைக்குட்டையும்

26 பிப்ரவரி 2025

விண்ணப்பத்தை மூன்றாவது முறையாக நிரப்பி மூன்றாவது முறையாகத் தோற்றேன். 'இதழியல் பயின்ற கல்லூரி' என்று ஒரு கட்டம். தட்டினால் பட்டியல் விரிகிறது. சென்னை, கோவை, மதுரை, எல்லாம் உண்டு. 'படிக்கவில்லை' என்பது மட்டும் இல்லை. எந்தப் படிப்பும் போதும் என்று மேலே அவர்களே எழுதுகிறார்கள், கீழே அவர்களே கதவைச் சாத்துகிறார்கள். இந்தப் படிவத்தைச் செய்தவன் ஒரு தடவையாவது நிரப்பிப் பார்த்தானா?

கடைசியில் முதலில் நின்ற கல்லூரியைத் தட்டிவிட்டு, குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: 'மேலே உள்ளது பொய். உங்கள் படிவம் விடவில்லை. நான் சிவில் டிப்ளமோ.'

பெரிய பத்திரிகை. கோடையில் எட்டு வாரப் பயிற்சி. ஆறே இடம். அடுத்த வருஷம் எனக்கு வயது தாண்டிவிடும். சொந்தமாக ஒரு கள அறிக்கை, அச்சில் வந்த செய்தி ஒன்று, பத்திரிகைக்காரர் ஒருவரின் கடிதம், மூன்றும் கேட்கிறார்கள். மார்ச் 20 கடைசி.

மூன்று வருஷமாக நிலம் அளக்கிறேன். சோலார்காரனுக்கு, புரோக்கருக்கு. அளந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பதுதான் வேலையின் முதல் விதி. போதும்.

2 மார்ச்

கிடைத்தது! திருச்சுழி ரோட்டில் கல் ஊன்றப் போன இடத்தில் ஒரு போர்டு. நூறு நாள் வேலைத் திட்டம், பண்ணைக்குட்டை, 2022. நீளம் 22 மீட்டர், அகலம் 11, ஆழம் ஒன்றரை. போர்டுக்குப் பின்னால் தட்டையான தரை. குட்டை இல்லை. லெவல் கருவி வைத்துப் பார்த்தேன். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒரு சாண் கூட வித்தியாசமில்லை.

நிலம் ராமசுப்பு என்பவருடையது. கேட்டேன். "அப்படியெல்லாம் இங்க ஒண்ணும் வெட்டலையே தம்பி" என்றார். வேறென்ன வேண்டும்? வெட்டாத குட்டைக்கு வேலை நடந்ததாகக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். இதுதான் என் அறிக்கை.

9 மார்ச்

நான்கு தடவை அளந்தாயிற்று. படம், அளவு, வரைபடம் எல்லாம் கச்சிதம். அருப்புக்கோட்டையில் நல்லகண்ணு அண்ணனிடம் கொண்டுபோனேன். பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறார், ஒரு மாலைப் பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபர். முழுக்கப் படிக்கக் கூட இல்லை.

"வெட்டாத குட்டையா? ஏலே, தலைப்பு அதுதான்டா."

14 மார்ச்

வந்துவிட்டது. நான் எழுதிய நான்கு பத்தியில் ஒன்றரைதான். என் வரைபடம் இல்லை. பெயர் இல்லை. 'நமது நிருபர்' என்று போட்டிருக்கிறான். யாருடைய நிருபர்? வெயிலில் டேப் பிடித்தவன் நான்!

கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து கத்தினேன். "பேரு போட்டா ஒன்னைய வெட்டுவாய்ங்கலே. எம்பேரு மட்டும் இருக்கா?" என்றார். எழுதியது சதீஸ்குமாராகிய நான்தான் என்று கடிதம் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். நன்றி சொல்லவில்லை.

15 மார்ச்

அனுப்பியாயிற்று.

2 ஏப்ரல்

சென்னையிலிருந்து போன்! முந்நூறு பேரில் இருபது பேரை எடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் 21 நேர்காணல். தேர்வுப் பிரிவிலிருந்து பேசிய மேடம், "அளவெல்லாம் போட்டு எழுதியிருந்தது புதுசா இருந்தது" என்றார். கல்லூரிக் கட்டத்தைப் பற்றிக் கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருத்துங்கள் என்றேன்.

6 ஏப்ரல்

அம்மா வேலையிலிருந்து வந்து தூக்குச்சட்டியை வைத்த சத்தமே சரியில்லை.

"தங்கச்செல்விய நிப்பாட்டிட்டாய்ங்க. குட்டையே வெட்டாம எங்ககிட்ட கையெழுத்து வாங்குச்சாம். பேப்பர்ல எவனோ எழுதிட்டானாம்."

தங்கச்செல்வி அக்கா பணித்தளப் பொறுப்பாளர். நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களின் வருகையைப் பதிகிறவர்.

"எந்தக் குட்டை?" என்றேன். தெரிந்துதான் கேட்டேன்.

"ராமசுப்பு அவுக பிஞ்சையில. நீ சிவகாசில ஆஸ்டல்ல கெடந்த. பதினேழு நாளு வெட்டுனோம். கரிசலு, மம்பட்டி எறங்கல. இந்தா, இந்தக் கட்டவெரலு நகம் அங்கதான் போச்சு."

"இப்ப அங்க குட்டை இல்லையேம்மா."

"எப்படி இருக்கும்? போன தையில அவுகளே டிராக்டர விட்டு மூடிட்டாக. குழி கெடந்தா நெலம் வெல படியாதுன்னு புரோக்கர் சொன்னானாம். ஆபீசரு வந்து கேட்டா எனக்கொண்ணும் தெரியாதுன்றாக. எழுதுன கூமுட்டையும் நெலத்துக்காரககிட்டதான கேட்டுருக்கான்? வெட்டுன முப்பது பேருல ஒருத்திகிட்ட கேட்டானா? அவன் மட்டும் எங்கையில கெடைக்கணும்."

சோறு போட்டாள். கூமுட்டை சாப்பிட்டான்.

7 ஏப்ரல்

நான்கு தடவை அளந்தேன். ஒரு தடவை வீட்டில் கேட்டிருந்தால்—

கால் வைத்த இடமெல்லாம் பொதபொதவென்று புதைந்ததே. வெட்டாத கரிசல் வெயிலில் கல்லாக இருக்கும், பாளம் பாளமாக வெடிக்கும். டிப்ளமோ முதல் வருஷப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் ஊழலைப் பார்க்கப் போனேன். அதனால் ஊழல் தெரிந்தது.

சொன்னால் நேர்காணல் போய்விடும். சொல்லாவிட்டால்? யாருக்கும் தெரியாது. ஒருத்தனுக்கும் தெரியாது.

9 ஏப்ரல்

நல்லகண்ணு அண்ணனிடம் மறுப்புப் போடச் சொன்னேன்.

"மறுப்பா? ஒண்ணு போட்டா அப்புறம் நான் எழுதுற எதைய எவன் நம்புவான்? ஒம்பேரா இருக்கு? எம்பேரா இருக்கு? பேசாம மெட்ராஸுக்குக் கெளம்புலே."

"செல்வியக்கா வேலை போச்சுண்ணே."

"விசாரணையில சரியாயிரும்யா. நீ என்ன, பேரு போடலன்னும் கத்துற, மறுப்புப் போடலன்னும் கத்துற?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எரிகிறது. பெயர் இல்லாதது இப்போது எவ்வளவு வசதியாக இருக்கிறது.

12 ஏப்ரல்

தங்கச்செல்வி அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவே இல்லை.

"நீயா? வேற எவனும்னா நாலு நாளு அழுதுட்டு விட்டுருப்பேன். நீன்னா விடமாட்டேன் தம்பி. ஆபீஸுல வந்து நின்னு சொல்லு." முறத்தில் தூசியை ஊதிவிட்டு: "அழகுத்தாயிக்குத் தெரியுமா?"

"இல்லக்கா."

"பெத்தவகிட்ட சொல்லாமத்தான் ஊருக்கெல்லாம் செய்தி சொல்றியாக்கும்."

14 ஏப்ரல்

லீவு நாள் என்று தெரிந்தும் சென்னைக்குப் போன் போட்டேன். அந்த மேடம் எடுத்தார். அறிக்கை தவறு, வேறு எழுதித் தருகிறேன் என்றேன். மாற்றித் தர விதியில்லையாம். தவறென்று தெரிந்த அறிக்கையோடு நேர்காணலுக்கும் கூப்பிட முடியாதாம்.

"இதை ஏன் இப்பச் சொல்றீங்க?"

"இப்பத்தான் தெரிஞ்சது."

வைத்துவிட்டார். முந்நூறு பேரில் எத்தனை பேர் சரியாக எழுதினார்களோ! எவன் சரிபார்த்தான்? அவர்களும் பார்க்கவில்லை, நல்லகண்ணுவும் பார்க்கவில்லை. எல்லாரையும் திட்டிப் பார்த்துவிட்டேன். திரும்பத் திரும்ப என்னிடம்தான் வந்து நிற்கிறது.

21 ஏப்ரல்

பாலையம்பட்டிப் பக்கம் எட்டு ஏக்கர் அளந்தேன். வேறொன்றுமில்லை.

22 மே

விசாரணை. குட்டை இருந்த நிலத்திலேயே. அதிகாரி, ராமசுப்பு, தங்கச்செல்வி அக்கா, அம்மாவோடு பதினான்கு பெண்கள். அக்கா வரச் சொன்னபடி, மண்ணைச் சோதித்துக் காட்ட எங்கள் சர்வே ஆபீஸிலிருந்து ஆகர் கருவியை எடுத்துப் போயிருந்தேன். மண்ணுக்குள் திருகி இறக்கினால் அடுக்கடுக்காக மண்ணை மேலே கொண்டுவரும். ஆனால் எங்கே இறக்குவது? போர்டை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். என் வரைபடத்தை விரித்துக்கொண்டு நின்றேன். அம்மா அதைப் பார்க்கவே இல்லை. வேப்பமரத்திலிருந்து நடந்து வந்து காலால் கோடு போட்டாள். "இதுதான் வடக்குக் கரை. உள்ள எறக்கு."

மேலே ஒரு சாண் கரிசல், பிறகு ஐந்தடி வரை சரளையும் செம்மண்ணும் கலந்து வந்தது. எங்கிருந்தோ டிராக்டரில் வந்த மண். அதற்குக் கீழே இறுகிய கரிசல். கோட்டுக்கு வெளியே இரண்டு இடத்தில் இறக்கினேன், கருவியே இறங்கவில்லை. ராமசுப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

அதிகாரி எழுதி முடித்துவிட்டு, "வெட்டவே இல்லைன்னு எழுதுன நிருபர் யாருப்பா? அவரையும் கூப்பிட்டு விசாரிக்கணும்" என்றார்.

"கூப்பிடுங்க சார், நல்லாக் கேளுங்க" என்றாள் அம்மா.

"கூப்பிட வேண்டாம் சார். நான்தான்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சேலை மண்ணைத் தட்டிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். பின்னாலேயே போனேன். நான் ஏறிய பஸ்ஸில் அவள் ஏறவில்லை.

26 மே

தங்கச்செல்வி அக்காவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ராமசுப்புவுக்கு நோட்டீஸ். மாலைப் பத்திரிகையில் ஒரு வரிகூட இல்லை. அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறாள்.

2 ஜூன்

இன்று சென்னையில் அந்த ஆறு பேரும் சேர்ந்திருப்பார்கள்.

காலையில் தெற்குத் தெரு குருவம்மாள் வாசலில் வந்து நின்றாள். அவர்கள் தெருவுக்கு ஒன்பது நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லையாம். கலெக்டருக்கோ பேப்பருக்கோ எழுத வேண்டுமாம். "எழுதுற பையன் வீடு இதானக்கா?"

உள்ளே இருந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. குருவம்மாளிடம்தான் சொன்னாள்:

"உள்ளதான் இருக்கான். கூட்டிட்டுப் போ. தெரு பூராம் கேட்டுட்டு எழுதச் சொல்லு."

பதினோரு வீடு போனேன். இரண்டு வீட்டில் ஆள் இல்லை. நாளைக் காலை வேலைக்கு முன்னால் போக வேண்டும்.