கடையத்து மழையில் ஊதிப் பார்த்த கிளாரினெட்

குற்றாலம்
கார்த்திகை 6

அன்பு மகள் உமாராணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது, நீ அந்த டெல்லிக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். அருவியில் வெள்ளம் என்று நாலைந்து நாளாக யாரையும் குளிக்க விடவில்லை, குளிக்க ஆள் வராவிட்டால் எண்ணெய் தேய்த்துவிடுகிற எனக்கு என்ன வேலை, கை சும்மா இருந்த நேரத்தில்தான் இந்தக் காரியத்தை முடித்தேன். முதலில் என் மானம் போனதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இசக்கிமணி போன் போட்டு நாலு சேர்த்துச் சொல்லுவான். உனக்கு இன்னொரு கிளாரினெட் பார்க்க அவனைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன். கீழப்பாவூர் பேண்டு செட்டில் இருபது வருஷமாக ஊதுகிறவன் பக்கத்தில் நிற்கும்போது நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். கடைக்காரர் முன்னால் விவரம் தெரிந்தவன் மாதிரி ஒன்றை எடுத்து வாயில் வைத்துத் தம் பிடித்து ஊதினேன், சத்தமே வரவில்லை, இன்னும் பலமாக ஊதினேன், கண் பிதுங்கினதுதான் மிச்சம். இது ரிப்பேர் போலிருக்கே என்று வேறு சொல்லிவிட்டேன். இசக்கிமணி மெதுவாக, வே, மூடியக் கழத்திட்டு ஊதும் என்றான். கடையில் யாரும் சிரிப்பை அடக்கப் பார்க்கவில்லை.

ஆனாலும் நான் வெறுங்கையோடு திரும்புகிற எண்ணத்தில் போகவில்லை. மரக் கிளாரினெட் விரிசல் விட்டதைப் பசை போட்டு ஒட்டிட்டேன், இன்னொண்ணு வேண்டாம்ப்பா என்று நீ சொன்னாய். ஜனவரியில் உங்கள் வாத்தியக் குழுவுக்கு ஆள் எடுக்கிற அன்றைக்குப் பாதியில் அந்த ஒட்டு விட்டுப்போனால் என்ன செய்வாய். சாமானையே காப்பாத்தத் தெரியாதவளக் குழுவுல எப்படிச் சேக்கன்னு உன் சார் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். அதனால் உன்னைக் கேட்காமலே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். கடைக்காரர் சிவப்புக் கலரில் பளபளவென்று புதுசாக ஒன்றை எடுத்துக் காட்டினார், எனக்குப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. இசக்கிமணி அதன் கீ ஒன்றைப் பெருவிரலால் லேசாகத் தள்ளினான், அது வளைந்து அப்படியே நின்றது. அவனே நிமிர்த்தியும் வைத்துவிட்டு, இத கொலுவுல வைக்கலாம், பிள்ளைக்கு ஆகாது, எந்திரியும் என்றான். மறுநாள் சிவகிரியில் காமராஜ் அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம், அவர் போலீஸ் பேண்டில் ஊதி ஓய்வு பெற்றவர். தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கறுப்புப் பிளாஸ்டிக் கிளாரினெட்டை எடுத்து வந்தார். இது ஜீப்புல இருந்து விழுந்திருக்கு, சுதந்திர தினத்து வெயில்ல மணிக்கணக்கா நின்னிருக்கு, எங்க வீட்டுக்காரி அவசரத்துக்கு இத வச்சு எலியும் அடிச்சிருக்கா, ஒண்ணும் ஆகல என்றார். வாய்ச்சொல்லை நம்பி வாங்க நான் தயாராக இல்லை, ரெண்டு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். கடையத்தில் ஒரு கல்யாண ஊர்வலம், நல்ல மழை, இசக்கிமணி தன்னுடையதை உறைக்குள் வைத்துவிட்டு இதைத்தான் கடைசி வரைக்கும் ஊதினான். மாப்பிள்ளை குடைக்குள் போனார், நாங்கள் நனைந்துகொண்டே போனோம். அழைப்பில்லாமல் நான் எதற்குப் போனேன் என்று கேட்காதே, சுரம் பிசகுகிறதா என்று பார்க்கத்தான், எனக்குச் சுரம் தெரியாது என்பது வேறு விஷயம். வீடு வந்து சேரும்போது இசக்கிமணிக்குத்தான் தும்மல், கிளாரினெட்டுக்கு ஒன்றும் இல்லை. மரத்துல குழையுத மாதிரி சத்தம் இதுல குழையாது வே, ஆனா எந்தக் குளிருக்கும் வெடிக்காது, ரெண்டாவதா வச்சுக்கிட இதுதான் சரி என்று அவன் சொன்னபிறகு காமராஜ் அண்ணாச்சியிடம் முடித்துவிட்டேன். ஓட்டையை மூடுகிற பேடு எல்லாம் புதுசு மாற்றி, கார்க்கும் ஒட்டி இசக்கிமணியே கொடுத்திருக்கிறான். கீயெல்லாம் மங்கலாக இருக்கிறது என்று முகம் சுளிக்காதே.

ஊதி முடித்ததும் உள்ளே துணி விட்டுத் துடைத்து வை, இதற்கு எண்ணெய் கிண்ணெய் ஒன்றும் வேண்டாமாம், எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். சிவகிரியிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் இசக்கிமணி, அந்த மரம் சும்மா வெடிச்சிருக்காது வே, யாரோ வெயில்ல போட்டிருக்கணும் என்றான். நான் கடையநல்லூர் தாண்டும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். தினமும் இதிலும் கால் மணி நேரமாவது ஊதிப் பழகிக்கொள், தேர்வன்றைக்கு ரெண்டையும் எடுத்துக்கொண்டு போ, மறந்துவிடாதே. குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்மனும் உனக்குத் துணை இருப்பார்கள், எங்கள் ஆசியும் உண்டு.

நான்தாம்ப்பா சரியா கவனிக்கல என்று நீ போனில் அழுதபோது எனக்கு வாய் வரை வந்தது, ஆனால் சரி விடும்மா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அப்போது சொல்லாததை எழுதுகிறேன். ஆடி மாசம் நீ வந்திருந்தபோது ஒரு நாள் காலையில் தென்காசிக்குப் போயிருந்தாய். சாரல் ஈரத்துக்கு மரம் விறைத்திருக்கும் என்று நினைத்து, வருகிறவர்கள் முதுகுக்குத் தேய்க்கிற மாதிரியே நல்லெண்ணெய் தேய்த்து, மொட்டை மாடியில் சாயங்காலம் வரை வெயிலில் காயவைத்தது நான்தான். இந்தக் கடிதத்தை உன் சாரிடம் காட்டு, அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் நீயே அர்த்தம் சொல்லு, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

உன் அப்பா
செல்லச்சாமி