அவள் கேட்ட நிலா

இவளே,

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் இருபது நாளாகிறது. நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். ஒழுகிய குழாயைச் சரிசெய்துவிட்டேன்.

"அவ கேமராவை மட்டும் தொட்டுடாதீங்க" என்று வாசலில் நின்று சொன்னாய். தொட்டுவிட்டேன்.

"எனக்கு நிலா வெள்ளைப் புள்ளியாவே வருதுப்பா, நீ எடுத்துக் குடு" என்று நம் மகள் ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றுவரை நச்சரித்தாளே. நாளைக்கு, நாளைக்கு என்று தட்டிக்கழித்தேன். நேற்று சாயங்காலம் அந்தக் குட்டிக் கேமராவோடு மொட்டைமாடிக்குப் போனேன். எனக்கும் வெறும் புள்ளிதான் வந்தது. பிறகு அதைக் கைப்பிடிச்சுவரில் வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, கை ஆடாமலிருக்க டைமர் போட்டேன். வந்துவிட்டதடி! நிலாவின் கறைகூடத் தெரிந்தது.

அந்தச் சந்தோஷத்தில், வீணாய்ப்போன புள்ளிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனேன். எல்லாம் நான் எடுத்தவை என்றுதான் நினைத்தேன். கடைசிப் புள்ளியின் ஓரத்தில், லென்ஸை மறைத்தபடி ஒரு சின்ன விரல் இருந்தது. பொத்தானை அமுக்கிய பிறகுதான் கண்ணில் பட்டது. அதற்குள் படம் போய்விட்டது. அதற்கு முன்னால் அவளுடையது எத்தனை போயிற்றோ, தெரியாது.

நிலா பத்திரமாக இருக்கிறது. கேட்டவள்தான் இல்லை.

வந்து என்னை வாய்க்கு வந்தபடி திட்டு. வராமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் வீட்டுக்காரன்