வியாழக்கிழமை வலை யாருடையது

29 யூலை 1945, ஞாயிறு

கோவிலில் றோசமேரியின் கலியாண அறிவிப்பு ஓலையை முதல் தடவை வாசித்தார்கள். மாப்பிள்ளை சிலாபம். ஓகஸ்ட் பதினாறு, வியாழக்கிழமை கலியாணம். சொந்தச் சித்தப்பா மனுவேலின் மகள், பக்கத்து வீடு — எனக்கு இது சுவாமியார் வாயால்தான் தெரியவேண்டியிருக்கிறது! அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜெபப்புத்தகத்தைப் பார்த்தேன். கோழை.

2 ஓகஸ்ட்

இரண்டு வீட்டுச் சண்டையின் காரணத்தை எழுதிவைக்கிறேன், பிறகு ஒருவரும் நம்பமாட்டார்கள். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் கடல் பக்கம் வலை போட முடியாது. உள்ளே களப்புத் தண்ணீரில் வலைக்கு நல்ல இடம் ஒன்றுதான். ஒரு நாள் அப்பாவின் முறை, மறுநாள் சித்தப்பாவின் முறை. இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவின் முறையில் அந்தோனியார் திருநாள் வந்தது. திருநாளில் ஒருவரும் வலை இறக்குவதில்லை. “அப்ப என்ர முறை நாளைக்கு” என்றார் அப்பா. “அது திருநாளோட போச்சு, நாளைக்கு என்ர” என்றார் சித்தப்பா. அவ்வளவுதான். அன்றைக்கு நின்ற பேச்சு!

5 ஓகஸ்ட்

இரண்டாம் ஓலை. அப்பா சொல்லிவிட்டார்: “கலியாணத்துக்கு ஒருத்தரும் போகத் தேவையில்ல.”

10 ஓகஸ்ட்

விரல் விட்டு எண்ணினேன். பதினைந்து அப்பாவின் முறை. அன்றைக்கு மாதா திருநாள். திரும்பவும்! பதினாறு தன்னுடையது என்று சித்தப்பா கலியாணச் சோற்றுக்கு அந்த மீனைத்தான் நம்பியிருக்கிறார். அப்பாவோ கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே, “பதினாறு நான் இறக்குவன்” என்கிறார். கலியாணத்தன்று கரையில் அடிபிடியா? மாதாவே.

15 ஓகஸ்ட்

வென்றேன்!

பூசை முடிந்தும் மணி நிற்கவில்லை. யுத்தம் முடிந்துவிட்டதாம். முற்றத்தில் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அப்பாவும் சித்தப்பாவும் மட்டும் ஆளுக்கொரு மூலை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே சித்தப்பாவிடம் போனேன்.

“நாளைக்கு வாற மீன் முழுக்க றோசமேரிக்கு அப்பா குடுக்கிறாராம். ஆனா ‘அண்ணன்ர முறை’ எண்டு நீங்கள் சொல்லவேணும்.”

அப்பா அப்படிச் சொல்லவே இல்லை. திருநாளும் அதுவுமாகப் பொய்.

சித்தப்பா சால்வையை உதறித் தோளில் போட்டார். பிறகு ஊரே கேட்க, “அண்ணே! நாளைக்கு உங்கட முறைதான். பிள்ளைக்கு மீன் தாறதெண்டால் சந்தோசம்.”

அப்பா என்னைப் பார்த்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

“பின்ன ஆருடைய முறை?” என்றார். “கயிறு இழுக்க உன்ர ஆக்களையும் அனுப்பு, மனுவேல்.”

16 ஓகஸ்ட்

வலை நிறைய மணலை மீன். றோசமேரிக்குச் சீலை கட்டிவிட்டது நான்தான். இரண்டு பேரும் அழுது, பவுடரெல்லாம் கரைந்து, திரும்பப் பூசி. “ஏண்டி இவ்வளவு நாள்?” என்றாள். அவள் கையை விடவே எனக்கு மனம் வரவில்லை.

19 ஓகஸ்ட், ஞாயிறு

சமாதானம் என்றால் அமைதி என்று சுவாமியார் பிரசங்கம் வைத்தார். எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். காலையிலிருந்து அப்பாவும் சித்தப்பாவும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள் — யேசு பிறந்த நத்தாருக்கு அடுத்த நாள் யாருடைய முறையாம்!

அம்மா இரண்டு தேத்தண்ணி ஊற்றினா. ஒன்றை வேலிக்கு மேலால் நான்தான் நீட்டினேன். சித்தப்பா கத்துவதை நிறுத்தாமலே வாங்கிக் குடித்தார்.