வெயில் நிமிர்த்தாத கால்கள்

என் பிரியத்துக்குரிய சிவகாமிக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீ இருந்தபோது நான் கோபப்பட்டால் பேசாமல் அடுப்படிக்குள் போய்விடுவாய். இப்போது எங்கே போவாய்? இருந்து கேள்.

உன் கருமாதி முடிந்த அன்று சொந்தக்காரர்கள் வழக்கப்படி கறிச்சோறு ஆக்க வேண்டும் என்றார்கள். நான்தான் மறித்துவிட்டேன். வருசம் திரும்பும்வரை இந்த வீட்டு அடுப்பில் கவுச்சி ஏறாது, முட்டைகூட வராது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். உனக்காக வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் தயிர்ச்சோறு, நம் நாய் செவலைக்கும் தயிர்ச்சோறு.

மூன்று மாதத்தில் செவலை எலும்பும் தோலுமாகிவிட்டது. எழுந்தால் பின்னங்கால் நடுங்கியது. உன் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. உன்னைத் தேடி ஏங்குகிறது என்று கோட்டையூரில் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். எனக்கே சோறு இறங்காதபோது அதற்கு எப்படி இறங்கும்?

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஆத்தங்குடியில் கதவு மாட்டப் போன வீட்டிலிருந்து அதைக் குட்டியாகத் தூக்கி வந்தேனே, அப்போது முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்திருந்தது. தினமும் காலை வெயிலில் போட்டேன், நிமிர்ந்துவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லி நான் அடித்த பெருமை கொஞ்சமா? ஈரக்கட்டையை வெயிலில் போட்டால் கோணிக்கொள்ளும் என்று தெரிந்த ஆசாரி, நாயின் கால் மட்டும் வெயிலில் நிமிரும் என்று நம்பியிருக்கிறேன் பார். இந்தத் தடவையும் முற்றத்து வெயிலில் தூக்கிப் போட்டேன். அது ஊர்ந்து ஊர்ந்து நிழலுக்குப் போனது.

ஒருநாள் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்து வீட்டு ஜெய்னப்பைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். உனக்கு வாரம் ஒன்று என்று எழுதிக்கொடுத்த வைட்டமின் டி பொடி மிச்சம் இருந்ததே, அதையும் சட்டைப் பையில் வைத்திருந்தேன். உன் எலும்புக்குக் கொடுத்தது அதன் எலும்புக்கும் ஆகும் என்பது என் கணக்கு.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பொடியைப் பார்த்ததும் பயந்துவிட்டார். மனுசனுக்கு உள்ள அளவை நாய்க்குக் கொடுத்தால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகம் கெட்டுப்போகுமாம், உயிரே போகலாமாம். நான் வெயில் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஐயா, நமக்குத்தான் வெயில் பட்டா தோல்ல வைட்டமின் டி உண்டாகும். நாய்க்கும் பூனைக்கும் அப்படித் தேவையான அளவுக்கு வராது. சாப்பாட்டுலதான் கிடைக்கணும். இதுக்கு என்ன போடுறீங்க?"

தயிர்ச்சோறு என்றேன். இதற்கு முன்னால் என்ன தின்றது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, சிவகாமி. அதற்குச் சோறு வைத்தது நீதானே. ஜெய்னப் முந்தானையைத் திருகிக்கொண்டே வாயைத் திறந்தாள்.

"அண்ணே, சொல்லக் கூடாதுன்னு மதினி எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாக. நீங்க அவுகளுக்குன்னு எங்க வீட்டுல வாங்கிட்டுப் போற முட்டையில, மஞ்சக்கருவ குட்டிக்குத்தான் குடுப்பாக. மீனுலயும் அவுக பங்கு அதுக்குத்தான். அது வளந்த பெறகும் அப்படித்தான். வெயில்தான் நிமித்துச்சுன்னு ஒங்க அண்ணன் சந்தோசமாச் சொல்லிக்கிட்டுத் திரியிறாக, இருந்துட்டுப் போகட்டும்னு சொன்னாக."

அந்த முட்டை யாருக்கு? உனக்கு. எலும்பில் சத்தில்லை, முட்டை சாப்பிடு, மீன் சாப்பிடு என்று உன் டாக்டர் சொன்னது உனக்கு. சாப்பிட்டாயா என்று தினமும் கேட்டேன், தலையை ஆட்டினாயே. குளியலறைப் படியில் வழுக்கி இடுப்பெலும்பு ஒடிந்து மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கிருந்து நீ நடந்து வரவில்லை. அந்த முட்டையை நீயே தின்றிருந்தால் எலும்பு தாங்கியிருக்குமா?

அந்தப் பெண் டாக்டரிடமே கேட்டேன். ஒரு முட்டையில் நமக்குக் கிடைப்பது கொஞ்சம்தான், அதனால் மட்டும் எலும்பு ஒடியாது, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார். நம்பத்தான் பார்க்கிறேன். சில நாள் முடிகிறது, சில நாள் முடியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அடுப்பு முன்னால் வெகுநேரம் நின்றேன். உனக்காக என்று நான் பிடித்த விரதம், நீ வாயைக் கட்டி வளர்த்த உயிரைப் பட்டினி போட்டிருக்கிறது. ஊர் என்ன சொல்லும் என்றும் யோசித்தேன். பிறகு ஜெய்னப் வீட்டு முட்டையை வாங்கி வந்து வேகவைத்தேன். மறுநாள் சாளை மீனை அவித்து முள் எடுத்துப் பிசைந்தேன். கவுச்சி வாடை வீடெல்லாம் அடித்தது. உன் படத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. செவலை என் கையிலேயே தின்றது, விரலையும் சேர்த்து நக்கியது.

அதற்கு அந்த வைட்டமின் டி மட்டும் இல்லையாம், எல்லாச் சத்தும்தான் குறைந்திருந்ததாம். டாக்டர் அளந்து கொடுத்த மருந்தை மட்டும் தருகிறேன். உன் பொடியைக் கொட்டிவிட்டேன். இப்போது செவலை பால்காரரைக் கண்டால் வாசல்வரை ஓடிக் குரைக்கிறது. மகள் கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணியபோது அந்தச் சத்தத்தைக் கேட்டு அழுதாள்.

என்மேல் வருத்தமா? வருசம் திரும்பும்வரை என்று சொன்ன சொல்லை நான் காப்பாற்றவில்லை. ஆனால் கால் நிமிர்ந்த கதையை இப்போது திருத்திச் சொல்கிறேன். கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன், உன் பெயரோடு.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். உன் வருசத் திதிக்குப் படையல் போடும்போது இலையில் முழு முட்டை ஒன்று வைப்பேன். செவலையைக் கொல்லையில் கட்டிப்போட்டுவிட்டு, நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அன்றைக்காவது யாருக்கும் கொடுக்காமல் நீ சாப்பிடு.

உன் அத்தை மகன், உன் வீட்டுக்காரன்,
சுப்பையா