காதுமடல் பதத்தில் பிசைந்த மாவு

தேனி,
10 செப்டம்பர் 1935.

அன்புள்ள மகன் செல்வமணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். கோபே பட்டணத்தில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், சுகமில்லாதவன் ஒரு பலகாரத்துக்கு மூன்று பக்கம் செய்முறை எழுத மாட்டான். மழை, பஞ்சு, அப்பாவின் முழங்கால் எல்லாவற்றையும் பின்னால் எழுதுகிறேன். முதலில் என் கோபத்தை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் நேராக வராது.

நீ எழுதி அனுப்பிய கியோசா என்ற அந்த ஜப்பான் பலகாரத்தைச் செய்து பார்த்தேன். கோதுமை மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைத்து, பிறகு சின்ன வெற்றிலை அகலத்துக்கு வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். பன்றிக்கறி நம் வீட்டுக்குள் வராது என்பதால் ஆட்டுக்கறியைப் பொடியாகக் கொத்தி, முட்டைக்கோஸை உப்புப் போட்டுப் பிழிந்து, இஞ்சியும் பூண்டும் சேர்த்து உள்ளே வைத்தேன். ஒரு பக்க ஓரத்தை மட்டும் மடிப்பு மடிப்பாக எடுத்து மறுபக்கத்தோடு ஒட்ட வேண்டும் என்றாய், செய்த நாற்பதையும் அப்படியே ஒட்டினேன், கழுத்து பிடித்துக்கொண்டது. தொட்டுக்கொள்ளும் சாற்றுக்கு ஷோயு என்ற கறுப்பு உப்புத்தண்ணீர் வேண்டுமென்று எழுதிவிட்டாய், தேனிக் கடைத்தெருவில் ஷோயுவுக்கு நான் எங்கே போவேன்? புளியில் உப்பும் கருப்பட்டியும் போட்டுச் சுண்டக் காய்ச்சி, போடியில் எஸ்டேட் துரைமார் சாமான் வாங்கும் கடையிலிருந்து அப்பா கொண்டுவந்த வினிகரும் கொஞ்சம் நல்லெண்ணெயும் விட்டுக் கலக்கினேன். அது நன்றாகவே இருந்தது, அப்பா இரண்டு தடவை கேட்டு வாங்கினார்கள். ஆனால் அடியைச் சிவக்க விட்டுத் தண்ணீர் ஊற்றி மூடு என்றாயே, நம் தோசைக்கல்லில் தண்ணீர் எப்படி நிற்கும்? வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. இருபத்தொரு வருஷம் இந்த அடுப்படியில் சாப்பிட்டவன், எழுதும்போது அதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் இட்லிக் கொப்பரையில் துணி விரித்து அவித்து எடுத்தேன்.

வினை அங்கேதான் வந்தது. அன்றைக்குப் பிள்ளையார் சதுர்த்தி, எனக்கு அது நினைவிலேயே இல்லை. நீ போன பிறகு பாத்திரம் தேய்க்க ராக்கம்மாள் என்று ஒருத்தி வருகிறாள். கொப்பரையைத் திறந்ததும் எட்டிப் பார்த்துவிட்டு, ஆத்தாடி, எங்க வீட்டுல காலையில அவிச்ச கொழுக்கட்டையேதானம்மா, நாங்க தேங்காய்ப் பூரணம் வச்சோம், நீங்க கறி வச்சிருக்கீக, பிள்ளையாரு கறி திங்க மாட்டாருன்னு உங்களுக்கு யாரும் சொல்லலையாக்கும் என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு நான்கு கொடுத்தனுப்பினேன். அவள் சந்தோஷமாகக் கிணற்றடியில் சொல்லியிருக்கிறாள், மறுநாள் மத்தியானத்துக்குள் அந்தச் செய்தி பழனிசெட்டிபட்டி போய் உன் அத்தையை வண்டியில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டது.

கிருபாவதி மதினி வண்டியை விட்டு இறங்கும்போதே, ஏம்மா காலேஜுக்காரி, உபதேசியார் பேத்தி வீட்டுல சதுர்த்தி கும்பிட்டாகளாமே, சுண்டல் மிச்சம் இருக்கா என்று கேட்டார்கள். பதினைந்து வருஷமாக ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக் கொடுக்கிற என்னைப் பார்த்துக் கேட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் உன் கடிதத்தை எடுத்துவந்து, இதோ பாருங்கள், இது ஜப்பான் பலகாரம், உங்கள் மருமகன் எழுதியது என்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். ஏற்கெனவே நான்கு தடவை படித்த கடிதம்தான், அளவுக்காகவும் பக்குவத்துக்காகவும் படித்தேனே தவிர வேறு எதற்காகவும் படிக்கவில்லை. மாவு காதுமடல் பதத்தில் இருக்க வேண்டும், முதல் தடவை என் மாவு கல்லாகிவிட்டது, அதனால் என் காதைப் பிடித்துத் திருகிப் பதம் காட்டிக் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் மதினி கையை நீட்டி நிறுத்தினார்கள். அங்கன நிறுத்தும்மா, எம் மருமகன் காதைத் திருகுனது கிழவியா குமரியா, அதைச் சொல்லு முதல்ல என்றார்கள். கடிதத்தில் அது இல்லை. அவர்கள் தண்ணீர் கூடக் குடிக்காமல் வண்டி ஏறிப் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். குடியிருக்கும் வீட்டுக்காரர் மகள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிறாள், வீட்டுக்காரர் மகள் குடை கொடுத்தாள், வீட்டுக்காரர் மகளுக்கு நம் தாயம் சொல்லிக் கொடுத்தேன் என்றெல்லாம் எழுதியிருந்தாய். சித்திரையிலிருந்து அவள் இல்லாத கடிதம் ஒன்றுகூட இல்லை. இந்தச் செய்முறைக் கடிதத்தின் கடைசியிலோ, அம்மா, செய்து பார்த்துப் பிடித்ததா என்று எழுதுங்கள், பிடித்தால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். என் சம்மதத்தை மாவுக்குள் வைத்து மடிக்கப் பார்த்தாயா செல்வமணி? பலகாரம் பிடித்தால் பெண்ணையும் பிடிக்கும் என்று கணக்குப் போட்டாயா? நேராகக் கேட்டால் நான் என்ன செய்துவிடுவேன் என்று பயந்தாய்?

இதுவரை எழுதிவிட்டு நேற்று முழுவதும் பேனாவைத் தொடவில்லை. என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. சென்னையில் படிக்கிற காலத்தில் பெண்ணும் பிள்ளையும் தாமே தெரிந்தெடுக்க வேண்டும் என்று மேடையேறிப் பேசிக் கைதட்டு வாங்கியவள் நான். என் வீட்டுக்குள் அது வரும் என்று அப்போது நினைக்கவில்லை. அவள் வேறு தேசத்தவள் என்பது எனக்கு வருத்தந்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் கோபம் அதற்கில்லை. அத்தை மகள் ராஜாத்தி பிறந்த அன்றே அவள் உனக்கு என்று மதினி சொன்னார்கள். நீ ஆம் என்று சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை, கப்பலேறுகிற அன்று அவள் கட்டிக்கொடுத்த முறுக்குப் பொட்டலத்தைச் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாய். தை மாதம் உத்தமபாளையத்திலிருந்து நல்ல இடம் ஒன்று அவளைக் கேட்டு வந்தது, உனக்காகத்தான் மதினி அதை வேண்டாம் என்று அனுப்பினார்கள். அப்போது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், என் மகன் மனம் எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதனால் இந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே இருக்கிறது. ஆனால் மீதிப் பாதியே உனக்குப் போதும்.

ஆகையால் கேட்டுக்கொள். எனக்கு எழுதும் முன் அத்தைக்கு எழுது. நீயே எழுது, அப்பா மூலமாகவோ என் மூலமாகவோ வேண்டாம், பலகாரம் துணி பொம்மை எதுவும் கூட அனுப்ப வேண்டாம். ராஜாத்திக்குப் பத்தொன்பது வயது, அவள் யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவாக எழுது. அத்தை திட்டுவார்கள், வாங்கிக்கொள். உத்தமபாளையத்துக்காரர்கள் இன்னும் வேறு இடம் முடிக்கவில்லை என்று கேள்வி, கிறிஸ்துமஸுக்கு முன்னே உன் கடிதம் வந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வழி பிறக்கும். அப்பாவிடம் நான் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஜெபம் தெரியுமா என்று கேட்டார்கள், எனக்குத் தெரியாது என்றேன், கேட்டு எழுதச் சொல் என்றார்கள்.

இங்கே மழை நன்றாக இருக்கிறது, முல்லையாற்றில் தண்ணீர் புரண்டு ஓடுகிறது, கூடலூர்ப் பக்கம் நடவு முடிந்துவிட்டது. பஞ்சு வரத்து மந்தம். அப்பாவின் முழங்கால் வேப்பெண்ணெயில் கொஞ்சம் தேவலை. குளிர் வருமுன் கம்பளிச் சட்டையை வெயிலில் போட்டு எடு, வெறும் வயிற்றில் ஆபீசுக்கு ஓடாதே.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உனக்கு மட்டும்தான் இப்போது ஆசீர்வாதம் எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன், அது மறதியில் விட்டது அல்ல. இத்தனை கடிதத்தில் ஒன்றிலாவது அவள் பெயரை நீ எழுதவில்லை, பெயர் தெரியாமல் எப்படி வாழ்த்துவேன்? அத்தைக்கு எழுதிய பிறகு அந்தப் பெயரை எனக்கு எழுது.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா.