பெரிதாக்கியும் தெரியாத எழுத்து

நவ. 3, திங்கள்
காலையிலிருந்து தூறல். ஏரி இந்த முறை நிரம்பும் என்கிறார்கள். எங்கள் டைப்பிங் கடையில் கூட்டமில்லை. காவாந்தண்டலத்திலிருந்து ஒருவர், பட்டா மனு. அவ்வளவுதான்.

கரண்ட் இருந்தது. என் வீட்டுக்காரருக்காகக் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். அவருக்குச் சர்க்கரை நோயில் இடது கண் போயாயிற்று. வலதிலும் மங்கல். விரல் பழக்கத்தில் அடித்துவிடுகிறார். அடித்ததைப் படிக்கத்தான் முடியவில்லை.

செய்தது: டிஸ்ப்ளே அளவு 175 சதவீதம். மவுஸ் அம்பு பெரிசு, மஞ்சள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. விண்டோஸ் பட்டனோடு பிளஸ் அழுத்தினால் பூதக்கண்ணாடி. மூட, விண்டோஸோடு எஸ்கேப். (இது எனக்கே மறக்கும்.)

"இப்ப தெரியுதா?"
"நல்லா கீது."
என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள் என்றேன். கோபம். "நான் இன்னா ஸ்கூல் புள்ளயா?"

ரேஷனில் பருப்பு வரவில்லை.

நவ. 5, புதன்
பூதக்கண்ணாடி வேலைக்காகவில்லை. எழுத்து பெரிசானால் வரியில் கால்வாசிதான் திரைக்குள். வரி முடிவுக்குப் போவதற்குள் தொடக்கம் ஓடிவிடுகிறது. மூக்கு மானிட்டரில் படுகிற மாதிரி குனிந்து அடிக்கிறார். கழுத்துவலித் தைலம் வாங்க வேண்டும்.

ஜெராக்ஸ் எடுக்க வந்த இரண்டு பெண்கள், வாசலில்: "டைப் அண்ணனுக்குக் கண்ணு அவுட்டு போல கீது. வேற எங்கனா அடிச்சிக்கலாம், வா."

இவர் காதில் விழுந்திருக்கும். விரல் மட்டும் நிற்கவில்லை.

நவ. 7, வெள்ளி
நடக்கக் கூடாதது நடந்துவிட்டது.

நேற்று நான் மருந்து வாங்கக் காஞ்சிபுரம் போயிருந்தேன். கடையில் இவர் தனியாக. ஒரு கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடித்து, பிரிண்ட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார். இன்று அந்த மகன் வந்தார், திருப்புலிவனத்துக்காரர். கையில் நோட்டீஸ். இறந்த அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மகன் பெயர். தெருவெல்லாம் ஒட்டியாயிற்று.

"எங்க நைனா செத்ததுக்கு என்னயே சாவடிச்சிட்டியேண்ணே. எம் பொண்டாட்டி அதப் பாத்துட்டு அழுதுக்கினு கீது."

சத்தம்கூடப் போடவில்லை மனுஷன். அதுதான் தாங்கவில்லை. நான் மாற்றி அடித்துக் கொடுத்தேன். வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய் மழையில் நின்றார். குடையை நீட்டினேன். வாங்கவில்லை.

நவ. 10, திங்கள்
மழை விட்டிருக்கிறது. தமிழில் படித்துக்காட்டும் குரலை இறக்கினேன். மொழி செட்டிங்கில் இருக்கிறது. ஆன் செய்ய விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றும் சேர்த்து. சோதிக்க 'உத்திரமேரூர்' என்று அடித்தேன். ஆண் குரல், சுத்தமாகச் சொன்னது. இவர் முகத்தில் சிரிப்பு. பார்த்து எத்தனை நாளாயிற்று!

"நம்ம பழைய ஃபைல் ஒண்ணப் படிக்கச் சொல்லு."

ஒரு மனுவைத் திறந்தேன். அர்த்தமில்லாமல் இங்கிலீஷ் எழுத்துகளைக் கொட்டியது. ஜே, கே, பி, ஓ. அப்புறம்தான் உறைத்தது. எல்லாம் பழைய ஃபான்ட். உள்ளே இங்கிலீஷ் எழுத்து, மேலே தமிழ் உருவம். கண்ணுக்குத்தான் தமிழ். குரலுக்கு அது தமிழே இல்லை. புது ஃபான்ட்டுக்கு மாற்றித் தரும் சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்தேன். பாதி வருகிறது, பாதி சிதறுகிறது.

புதிதாக அடிப்பதையாவது கேட்டுக்கொள்ளலாமே என்றேன்.

"எதப் பாத்து அடிக்கிறது? அவங்க எழுதிக்கினு வர பேப்பர யாரு படிக்கிறது?"

குரலை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

நவ. 11, செவ்வாய்
கண் டாக்டர். "வலது கண்ணும் இதுக்கு மேல வராதும்மா. லேசர் வெச்சும் பிரயோஜனம் இல்ல." சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் இவருக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். நான் இறங்கும்போது செருப்பு அறுந்தது.

நவ. 13, வியாழன்
வெயில். துணி காய்ந்தது.

கம்ப்யூட்டர் ஊர்கிறது. சி டிரைவ் நிரம்பிச் சிவப்பு. டெம்ப் ஃபைல்களை அழித்தேன். ஆன் செய்ததும் தானாகத் திறப்பவற்றை ஸ்டார்ட்அப்பில் நிறுத்தினேன். கொஞ்சம் தேவலை. இவர் வந்தார். தன் நாற்காலிக்குப் போகவில்லை, கஸ்டமர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உம் பேர்ல புது அக்கவுண்ட் போட்டுக்கோ. என்னுத எடுத்துடு. எடத்த அடச்சிக்கினு கீது."

போட்டேன். அட்மின் உரிமையும் என் பெயருக்கு. இவருடையதை எடுக்கப் போனால் திரையில் ஒரு கேள்வி.

"இன்னா கேக்குது?"
"எடுத்தா உங்க ஃபைல் எல்லாம் போயிடும், பரவால்லயான்னு கேக்குது."
"போவட்டும். அழுத்து."

கேன்சலை அழுத்தினேன். கிளிக் சத்தம் கேட்டிருக்கும்.

"போயிடுச்சா?"
"போயிடுச்சு."
"இப்ப லேசா ஓடுதா?"

ஓடுது என்றேன்.