காருக்குள் இருந்தவர் பெயர் மாடசாமி

பெண்ணையும் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறியும் எடுத்துக் கொடுத்த பேச்சிமுத்து மாமாவுக்கு,

நீங்கள் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று கேட்பீர்கள். அருவருப்பில் எழுதுகிறேன் மாமா. ஒரு வாரமாக எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. எனக்கே சோறு இறங்கவில்லை என்றால் விஷயம் எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியும்.

நான் பத்தாவதோடு நின்றவன். அதிலும் கணக்குப் பரீட்சை அன்று காய்ச்சல் என்று படுத்துக்கொண்டவன். அதனால் எழுத்தில் முன்பின் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தாராவியில் நம் சாதிச் சங்கத்து ஹாலில் உங்கள் படத்தைத் திறந்து வைத்தார்கள். ஆள் உயரப் படம். மாலை, ஊதுபத்தி, காது கிழிகிற ஸ்பீக்கர். ‘பம்பாயில் கார் செய்த முதல் தமிழர்’ என்று கீழே எழுதியிருந்தது. உங்கள் பெயருக்குப் பின்னால், நீங்கள் ரேஷன் கார்டில்கூட எழுதாத சாதிப் பெயர். அது உங்கள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது.

படத்தைப் பார்த்தால் நீங்களே இது யார் என்று கேட்டிருப்பீர்கள். கம்ப்யூட்டரில் உங்களை வெளுப்பாக்கிவிட்டார்கள். மீசையை இரண்டு மடங்கு தடிப்பாக்கி முறுக்கிவிட்டார்கள். கழுத்தில் விரல் மொத்தத்துக்குத் தங்கச் செயின். கம்மல் மட்டும்தான் போடவில்லை. இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் நீங்கள் கை வைத்து நிற்கிறீர்களே அந்தக் கார், அதன் ஜன்னலில் கறுப்புக் கண்ணாடி ஏற்றியிருந்தது. கதவே மாட்டாத கார் மாமா அது! கதவும் இல்லை, கண்ணாடியும் இல்லை. உள்ளே ஒரு மனிதர் இருந்தார். அவர் இல்லை.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் கார் என்பது கப்பலில் பெட்டி பெட்டியாக வரும். கூரை, கதவு, நட்டு, போல்ட் எல்லாம் வெளிநாட்டில் செய்தது. இங்கே ஒன்றாகப் பூட்டி விற்பார்கள். பிறகு கம்பெனிக்காரர்களுக்கு ஒவ்வொன்றாக இங்கேயே செய்து பார்க்கலாம் என்று ஆசை வந்தது. தகடு அமுக்குகிற பெரிய மெஷின் வந்து சேரவில்லை. கையால் அடிக்கத் தெரிந்தவன் வேண்டும் என்று தேடியபோது, தாராவியில் தகரப் பெட்டி அடித்துக்கொண்டிருந்த உங்களையும் மாடசாமியையும் யாரோ கொண்டுபோய் நிறுத்தினார்கள். நீங்கள் நம் ஆள். மாடசாமி லேபர் கேம்ப் கடைசிச் சந்து. தாராவியில் அந்தச் சந்தைச் சொன்னாலே என்ன சாதி என்று தெரிந்துவிடும். இரண்டு பேருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை.

கூரைதான் முதல் வேலை. ஒருவன் மட்டும் அடித்தால் தகடு பள்ளமாகும், அவ்வளவுதான். உள்ளே ஒருவன் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பிடித்தால்தான் அந்த அடி வளைவாகும். வெளியே நீங்கள் சுத்தியலோடு. சீட் இல்லாத அந்தக் கூட்டுக்குள் குத்தவைத்து, தலைக்கு மேல் கட்டையைத் தூக்கிப் பிடித்தபடி மாடசாமி. நீங்கள் எங்கே அடிக்கப் போகிறீர்கள் என்று அவருக்குத் தெரியாது. நீங்கள் ‘ம்’ என்பீர்களாம், அந்தத் திசைக்கு அவர் கட்டை நகருமாம். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மேடு தெரிந்த இடத்தில் மறுபடி அடி. கடைசியில் அந்த வெளிநாட்டு இன்ஜினியர் கூரையை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, சுத்தியல் விழுந்த இடம் தெரியவில்லையே என்று கைகொடுத்தாராம். அன்றைக்கு எடுத்த போட்டோதான் அது. நீங்கள் வெளியே, அவர் உள்ளே. அவர் கொஞ்சம் குனிந்து ஜன்னல் வழியாகச் சிரிப்பார். அந்தச் சத்தத்துக்குள்ளேயே உட்கார்ந்து உட்கார்ந்து நாற்பது வயதில் அவருக்கு இரண்டு காதும் போனது.

யாராவது உங்களைப் புகழ்ந்தால் ஒன்று சொல்வீர்கள். “சத்தம் போட்டவன் நான்வே. கூரையப் புடிச்சவன் அவன்.”

பிறகு இரண்டு பேரும் கம்பெனியை விட்டு வெளியே வந்து தாராவியில் சொந்தமாக ஒர்க் ஷாப் போட்டீர்கள். மட்கார்டும் கதவும் அடித்துக் கொடுத்தீர்கள். இடிபட்ட டாக்சியெல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். ஒரே டிபன் டப்பா, ஒரே தம்ளர். அதைத்தான் நம் ஆட்களால் தாங்க முடியவில்லை.

என் கல்யாணத்தில் நடந்ததை மறக்க முடியுமா? முதல் பந்தியில் மாடசாமியை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்தீர்கள். சங்கத்துப் பெரியவர்கள் இலையை விட்டு எழுந்தார்கள். என்னைப் பெற்ற அப்பாவும் எழுந்தார். நீங்கள் தலையைக்கூடத் தூக்காமல் பரிமாறுகிறவரிடம், “எந்திரிச்சவுக எலைய எடுத்துருங்க, அடுத்த பந்திக்கு ஆள் நிக்கி” என்றீர்கள். மாப்பிள்ளையான நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பாயசம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே என் லட்சணம் அதுதான்.

அதற்குப் பிறகு சங்கம் உங்கள் வாசலை மிதிக்கவில்லை. மாடசாமி செத்தபோது நீங்கள் தோள் கொடுத்துத் தூக்கினீர்கள் என்று உங்கள் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்தே அடித்தார்கள். நீங்கள் செத்தபோது தெருமுனை வரை வந்து திரும்பிப் போனவர்கள் இவர்கள். இவர்கள்தான் இன்று ‘நம் இனத்தின் மாணிக்கம்’ என்று மைக்கில் கத்துகிறார்கள். 

அவர்களை மட்டும் திட்டிவிட்டு நிறுத்தினால் எனக்குச் சௌகரியம். ஆனால் அந்தப் போட்டோவைக் கொடுத்தது யார்?

இரண்டு மாதத்துக்கு முன் சங்கச் செயலாளர் செம்பூரில் நம் வீட்டுக்கு வந்தார், கையில் காஜு கத்லி டப்பாவோடு. அவருடைய கொழுந்தியா மகள் சான்பாடாவில் இருக்கிறாள். என் மகன் கண்ணனுக்கு அந்தப் பெண்ணைப் பேசிக்கொண்டிருந்தார்கள். உங்கள் பேரனுக்கு முப்பத்துநாலு வயது. டோம்பிவிலியில் தனியாக இருக்கிறான். அங்கிருந்து ரயிலில் தொங்கி ஆபீசுக்குப் போய்வருவதற்குள் தலையில் பாதி முடி போய்விட்டது. பெண் கேட்டுப் போன இடமெல்லாம் ‘ஜாதகம் பார்த்துச் சொல்கிறோம்’தான். அதனால் செயலாளரைக் கண்டதும் நான் சோபாவில் மேலுறை மாற்றினேன். ஹாலில் படம் திறக்க உங்கள் போட்டோ கேட்டார். பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

“அண்ணாச்சி, உள்ள உக்காந்திருக்கது யாரு?”

“மாமாகூட வேல பாத்தவரு.”

“அது தெரியுது. நம்ம ஆளா?”

“லேபர் கேம்ப். கடேசிச் சந்து.”

அவ்வளவுதான் சொன்னேன். அவர் ‘ம்ம்’ என்றார். தான் கொண்டுவந்த கத்லியில் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். இந்தப் பதில் என்ன வேலை செய்யும் என்றும் தெரியும். பெயரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ? அவர் கேட்கவில்லை, நான் தெருவைச் சொன்னேன். பிறகு, “நல்லா செய்ங்க” என்று சொல்லி டீயும் கொடுத்தேன்.

இதோடு விட்டேனா? இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்குகிற ஆசை. மாடசாமியின் மகள் செல்விக்கு போன் போட்டு, “உங்கப்பா படமும் வருது, கட்டாயம் வரணும்” என்று நானே அழைத்தேன்.

வந்தாள். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, உங்கள் மகள் ராஜத்தின் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். திரையை இழுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். மேடையிலிருந்து நான் செல்வியைத்தான் பார்த்தேன். தட்டுவதற்காகச் சேர்த்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, படத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தேடினாள். மறுபடியும் தேடினாள்.

சிறப்பு விருந்தினர், “ஒத்தை ஆளாக நின்று காரை அடித்த சிங்கம்” என்றார். அப்புறம் எனக்குப் பொன்னாடை. “மருமகன் இரண்டு வார்த்தை பேசுவார்” என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை போதும் மாமா, உள்ளே மாடசாமி என்று சொல்ல. நான் என்ன பேசினேன் தெரியுமா? “எல்லாருக்கும் நன்றி, இருந்து சாப்பிட்டுட்டுப் போகணும்.”

கீழே இறங்கி வந்தேன். செல்வி எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

“அத்தான், எங்கப்பா அந்தக் கார விட்டு எங்க எறங்குனாரு? சயான்லயா, தாதர்லயா? ரொம்ப நேரமாத் தேடுதேன்.”

“இல்ல செல்வி... பிரிண்ட்ல என்னமோ...”

“பிரிண்ட்ல கண்ணாடி தானா ஏறிக்கிட்டாக்கும்?”

உங்கள் மகள் அவள் கையைப் பிடித்தாள். “வா செல்வி, நம்ம வீட்ல போய்ச் சாப்பிடுவோம். இங்க நாத்தம் அடிக்கி.” என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு பேரும் போய்விட்டார்கள். அன்றிலிருந்து ராஜம் என்னோடு பேசுவதில்லை. நேரத்துக்குத் தட்டு வருகிறது. வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் புரிந்துவிடுகிறது.

மறுநாள் செயலாளரிடம் போனேன். அவர் ஒரிஜினல் போட்டோவைக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“காய்க்கு டென்ஷன், எதுக்கு டென்ஷன் அண்ணாச்சி? பிரேம் போட்டாச்சு, விழா மலர் அடிச்சாச்சு. இனிம அந்த ஆள உள்ள ஏத்துனா நம்ம பயலுவ சும்மா இருப்பானுவளா? விடுங்க. பையன் விசயத்தப் பாப்போம்.”

படியிறங்கும்போது கண்ணனுக்கு போன் போட்டுச் சொன்னேன். அவனுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்றும் சொன்னேன். ரயில் சத்தத்துக்கு நடுவில் கத்தினான். “பப்பா, லட்கி டீக் ஹை, பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா இதுல என் பேர் இழுக்காதீங்க. அவர் தாத்தாவோட தோஸ்த். எனக்காகன்னு சொல்றீங்க பாருங்க, அதான் ஷரம் ஆவுது, வெக்கமா இருக்கு.” தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை. ஆனால் உங்கள் பேரன்தான், சந்தேகமில்லை.

அந்தக் கவரை எடுத்துக்கொண்டு செல்வி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள், தண்ணீர் கொடுத்தாள். தப்புப் பண்ணிவிட்டேன், மன்னித்துக்கொள், இதை நீயே வைத்துக்கொள் என்று நீட்டினேன். வாங்கவில்லை. சுவரைக் காட்டினாள்.

அங்கே அதே படம் மாட்டியிருந்தது மாமா. நீங்கள் வெளியே, அவர் உள்ளே. இரண்டு பேர் நெற்றி இருக்கிற இடத்திலும் கண்ணாடிமேல் குங்குமம் வைத்திருந்தது. இத்தனை வருஷத்தில் உங்களை அந்தப் படத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. நம் ஆட்கள் அவர்களுக்குச் செய்ததற்கு, தோன்றியிருந்தாலும் தப்பில்லை.

“அத்தான், நாலு பேரு முன்னால மைக்ல சொல்ல வேண்டியத, வீட்டுக்குள்ள வந்து என் காதுல சொல்லுதீகளே. எனக்குத் தெரியாததா? தெரியாதவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க.”

நீங்கள் எத்தனையோ முறை என்னைத் திட்டியிருக்கிறீர்கள். இப்படி ஒரு தடவைகூட உறைத்ததில்லை.

அதனால்தான் இந்தக் கடிதத்தை உங்கள் படத்துக்கு முன்னால் மட்டும் படித்துவிட்டு மடித்துவைக்காமல், தாராவியிலும் மாட்டுங்காவிலும் தமிழ் படிக்கத் தெரிந்த எல்லோரும் பார்க்கும்படி பத்திரிகைக்கு அனுப்புகிறேன். வருகிற ஞாயிறு சங்கத்தின் மாதக் கூட்டம். போவேன். பொன்னாடையை மேஜைமேல் வைப்பேன். மைக் கொடுத்தால் மைக்கில் சொல்வேன். பிடுங்கினால் வாசலில் நின்று சொல்வேன். மாடசாமி இல்லாமல் உங்களை அந்தச் சுவரில் வைத்திருக்க மருமகன் என்ற முறையில் சம்மதிக்க மாட்டேன், படத்தைக் கழற்றித் தாருங்கள் என்று கேட்பேன். சம்பந்தம் முறிந்தால் முறியட்டும். கால் நடுங்கும். எனக்கு எப்போதும் நடுங்கும். சொல்லி முடித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் நடுங்கட்டும்.

இந்தத் தடவை யாரும் கேட்பதற்கு முன்னாலேயே பெயரைச் சொல்லிவிடுவேன் மாமா. தெருவைச் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள் ராஜத்தின் புருஷன்,
ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகாவது உங்கள் மருமகன் என்று சொல்லிக்கொள்ள நினைக்கிற
சண்முகம்